சாட்சிக்கு ஒரு வரிசை

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இதை என் வீட்டுக்காரர் கல்யாணமான மறுவாரமே கண்டுபிடித்துவிட்டார். மொரீசியஸ்காரர்களுக்கு இன்னும் சில மாதங்கள் ஆயிற்று. அதுவும் நான் பேசும் தமிழ் அவர்களுக்குப் புரியாததால் கிடைத்த அவகாசம்தான்.

கான் தெ மாஸ்க் பக்கத்தில் ஒரு முருகன் கோயிலுக்குப் பூசை செய்ய அவரை அழைத்திருந்தார்கள். நான் கூடவே கிளம்பினேன். தாமிரபரணிக் கரையில் வயலையும் வாய்க்காலையும் பார்த்துச் சலித்துப்போய், கடல் தாண்டினால் வேறு ஏதாவது பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். விமானம் இறங்கி, கார் ஏறி, கோயில் வீட்டின் ஜன்னலைத் திறந்தால் எதிரே வயல்! அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் தர்மகர்த்தா பயந்துபோனார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஊர் காசைக் கண்ணால் பார்க்க ஆரம்பித்திருந்தது. பொழுது விடியும் முன்பே ஸ்வெட்டர் ஃபாக்டரி வேன்கள் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். பெண்பிள்ளைகள் பாதி சீவிய தலையோடு ஓடுவார்கள். கடலோரத்தில் புதிது புதிதாக ஹோட்டல் முளைத்தது. அங்கே வந்து வெயிலில் படுத்துக்கிடக்கும் வெள்ளைக்காரர்களுக்கு மூன்று வேளையும் தக்காளி வேண்டியிருந்தது. அந்தத் தக்காளியில் கொஞ்சம் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து போயிற்று.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்தாள். முப்பது வயது இருக்கும். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவள். பல வருஷம் ஃபாக்டரியில் ஸ்வெட்டருக்குக் கழுத்துப் பட்டை தைத்தாள். ஒருநாள் அப்பா கண்ணை மூடினார். அவர் விட்டுப்போன துண்டு நிலம் ஆற்றோரம் சும்மா கிடந்தது. அடுத்த வாரமே வேலையை உதறிவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். ஊர் சிரித்தது. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு யாராவது மண்ணைக் கிளறுவார்களா?

"அக்கா, அந்த வேன்ல நான் இனி ஏறாது. ஃபினி" என்றாள் என்னிடம். அவள் தமிழ் அப்படித்தான். கோயில் வகுப்பில் படித்த தமிழும் வீட்டில் பேசும் கிரியோலும் பாதிப்பாதி. ஃபினி என்றால் முடிந்தது என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது கையால் காற்றை ஒரு வெட்டு வெட்டுவாள். எனக்கு அவளை அந்த வெட்டுக்காகவே பிடித்துப்போயிற்று.

ஃபாக்டரியிலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே சொத்து இரண்டு மூட்டை கழிவு நூல். சிவப்பு, நீலம், ரோஜா நிறம் என்று கம்பளி நூல் துண்டுகள். தக்காளிச் செடிகளைக் குச்சியோடு சேர்த்துக் கட்ட அதைத்தான் பயன்படுத்தினாள். கத்தரிக்கும் அதே கட்டு. ஊரில் மற்றவர்கள் வாழைநாரில் கட்டுவார்கள். இவள் வயல் மட்டும் தூரத்திலிருந்து பார்த்தால் திருவிழா மாதிரி இருக்கும். "உன் தக்காளிக்குக் குளிருதா, ஸ்வெட்டர் போட்டுவிட்டிருக்கே?" என்று கேலி பேசாத ஆளில்லை.

அந்தச் சமயத்தில்தான் இன்சூரன்ஸ்காரர் வந்தார். கரும்புக்குக் காப்பீடு இந்தத் தீவில் எப்போதோ வந்துவிட்டது. கத்தரிக்கும் தக்காளிக்கும் யார் கவலைப்பட்டார்கள்? இப்போது சிறிய தோட்டக்காரர்களுக்கென்று ஒரு திட்டம். வாரத்துக்கு இரண்டு ரொட்டி விலைதான் கட்டணம். புயலில் பயிர் போனால் மறுபடி நட்டு எழுந்து நிற்கப் பணம் தருவார்கள். கழுத்தில் டை, தலையில் ஹெல்மெட், மோட்டார் பொருத்திய சைக்கிள். போர்ட் லூயிஸ் தமிழர். பெயரில் முருகன் இருந்தான். வாயில் பிரெஞ்சு இருந்தது.

கோயில் கொட்டகையில் கூட்டம் போட்டு விளக்கினார். கிழவர் ஒருத்தர் எழுந்தார். அவர் கிரியோலில் கேட்டதை நான் என் தமிழில் சொல்கிறேன்: "காத்து உங்க ஆபீஸ் கூரையையும் தூக்கிட்டுப் போயிட்டா, நாங்க யாருகிட்டப் போய்க் கேக்க?" கொட்டகையே கொல்லென்று சிரித்தது. இன்சூரன்ஸ்காரரும் பாவம், சிரித்தார். ஒருத்தரும் சேரவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா வாழைக்காரர். நான் பாவாடை கட்டிய வயதில், தார் தள்ளி நின்ற தோப்பு முழுவதையும் ஒரே சாயங்காலக் காற்று படுக்கவைத்துவிட்டது. அப்பா ஒரு மரத்தையும் வெட்டி அகற்ற விடவில்லை. "ஆபீசர் வருவாரு, வந்து பாப்பாரு, பாத்தாத்தான் ஏதாச்சும் குடுப்பாக" என்று வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். மாதம் ஒன்றுக்கு மேல் ஆயிற்று. தோப்பு கிடந்த இடத்திலேயே அழுகி நாறியது. யாரும் வரவில்லை. அப்புறம் அப்பா வாழை வைக்கவேயில்லை.

ஆகவே நான் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டேன். காலையில் கோலம் போடும்போது சொன்னேன், தண்ணீர் பிடிக்கும்போது சொன்னேன், சாமி கும்பிட வந்தவளைச் சாமி கும்பிட விடாமல் சொன்னேன். என் தொல்லை தாங்காமல் பக்கத்து டவுனான ஃப்ளாக்கில் இருந்த ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு வந்தாள். ஊரில் அவள் ஒருத்திதான். "முதல்ல அவளுக்குக் கிடைக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்று மற்றவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டார்கள்.

தைப்பூசக் காவடிக்குக் கொடியேற்றி, ஊரில் பாதிப்பேர் கையில் மஞ்சள் காப்பு கட்டி விரதம் இருந்த நாட்களில் புயல் வந்தது. அந்தப் புயலுக்கு ஒரு பெண்ணின் பெயர் வைத்திருந்தார்கள். நான் அந்தப் பெயரைச் சொல்லமாட்டேன். அந்தச் சண்டாளிக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? ஒரு பகலும் ஒரு இரவும் கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் கந்தர் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் புயலைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டில் எது பலித்ததோ, கூரை தப்பியது.

விடிந்து பார்த்தால் கரும்பெல்லாம் பாய் விரித்த மாதிரி கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் வயலில் ஒரு செடி நிமிர்ந்து நிற்கவில்லை. அவள் வரப்பில் நின்று பார்த்தாள். அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு டவுனுக்கு நடந்தே கிளம்பிவிட்டாள். போன் செத்துவிட்டது, பஸ் இல்லை, வழியெல்லாம் மரம்.

இந்த மொரீசியஸ் ஊரில் ஒரு வழக்கம். புயல் ஓய்ந்தால் யாரும் தன் வயலைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. எல்லாரும் சேர்ந்து ஒவ்வொரு வயலாக இறங்கி, விழுந்ததை அள்ளி, மண்ணைக் கொத்தி, கையில் கிடைத்த நாற்றை நட்டுவிட்டுத்தான் அடுத்த வயலுக்குப் போவார்கள். தனியாக இருப்பவர்களின் வயல்தான் முதலில். ஃபாக்டரிக்கு அன்று லீவு, பெண்பிள்ளைகளும் இறங்கிவிட்டார்கள். கிரியோலில் பாட்டும் சத்தமுமாக, அவள் டவுனிலிருந்து திரும்புவதற்குள் அவள் வயல் சீவி முடித்த தலை போல ஆகிவிட்டது. மறைவான இடத்தில் தப்பித்த நாற்றைக் கொண்டுவந்து பாதி வயல் நட்டும் ஆயிற்று. நான் என்ன செய்தேன்? விழுந்த காய் ஒன்றும் வீணாகக் கூடாது என்று கூடை கூடையாகக் கோயில் மடைப்பள்ளிக்குத் தூக்கச் சொல்லி அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். வயலைப் பார்த்தாள். வரப்பிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

நன்றியில் அழுகிறாள் என்று எல்லாருக்கும் சந்தோஷம். கிழவர் போய் முதுகில் தட்டி, "இதுக்கெல்லாம் போய் அழுவாங்களா, நாளைக்கு எங்க வயலுக்கு நீ வரப்போற" என்றார். அவள் இன்னும் பலமாக அழுதாள்.

என்னிடம்தான் விஷயத்தைச் சொன்னாள். காப்பீட்டில் ஒரே ஒரு நிபந்தனையாம்: அதிகாரி வந்து கண்ணால் பார்க்கும்வரை வயலில் எதையும் தொடக்கூடாது. அதைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்க வேண்டும். ஆபீசுக்கு ஓடும் அவசரத்தில், ஊரார் அன்றைக்கே வயலில் வந்து இறங்குவார்கள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதிகாரி மறுநாள் மதியம் வருகிறார். கையில் விதை வாங்கவும் காசில்லை. நட்டிருக்கிற பாதி வயல் காய்க்கும்வரை சாப்பாட்டுக்கு என்ன வழி?

"வேன்தான், அக்கா" என்றாள். கை காற்றை வெட்டவில்லை. மடியில் கிடந்தது.

"அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா!" என்று கத்தினேன்.

"ஏளா, சும்மா கெட. அவளே அழுதுட்டு நிக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

செய்தி பரவியதும் ஊரே தலையில் அடித்துக்கொண்டு வந்தது. அடுத்த நிமிஷமே யோசனையும் வந்தது. அள்ளியதையெல்லாம் திரும்பக் கொண்டுபோய் வயலில் பரப்பிவிடலாம்! ஆளாளுக்குக் கூடையைத் தூக்கிவிட்டார்கள். சுத்தம் செய்ததைவிட இரண்டு மடங்கு உற்சாகம். என் வீட்டுக்காரர் மட்டும் கோயில் வாசலில் குறுக்கே நின்றார்.

"கையில காப்பு கட்டிக்கிட்டுப் பொய் சொல்லவா போறீங்க? நடந்ததை நடந்தபடி சொல்லுவோம்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "ஆமா, உங்க முருகன் வந்து அவளுக்கு விதை வாங்கிக் குடுப்பான்" என்றேன். அவர் விளக்கேற்றப் போய்விட்டார். அந்த மனிதரிடம் சண்டை போடுவதில் ஒரு சுகமும் கிடையாது. கூடைகள் கீழே இறங்கின.

மறுநாள் மதியம் இன்சூரன்ஸ்காரர் வந்தார். சட்டையெல்லாம் சேறு. வயலோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நேர்நேராகக் கொத்திய பாத்தி, நிழலுக்கு இலை குத்திய நாற்று. கையிலிருந்த தாளைப் பார்த்தார், மறுபடி வயலைப் பார்த்தார். "சேதம் எங்கே?" என்று கேட்டார். அவள் கிழவரைப் பார்த்தாள். கிழவர்தான் நடந்ததைச் சொன்னார், ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல்.

மனிதர் கெட்டவர் இல்லை. முகம் வாடிவிட்டது. "மாதாம், பார்க்காததை நான் எப்படிப் பார்த்தேன் என்று எழுதுவேன்?" என்றார் அவளிடம். தண்ணீர் மட்டும் கேட்டார். சொம்பை வாங்க நீட்டிய கையில் மஞ்சள் காப்பு இருந்தது.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். "விரதமா? அப்ப ஓட்டல்ல சாப்பிட முடியாதே. வாங்க, கோயில்ல இலை போட்டாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவருக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, மடைப்பள்ளி வாசனை புரிந்தது.

இங்கே கோயில் விருந்து என்றால் ஏழு கறி. அன்றைக்கு ஏழும் புயல் பறித்துப் போட்ட காய்தான். கிழியாத வாழை இலை தேடுவதே பெரும்பாடாக இருந்தது. கொட்டகை நிறைய ஆட்கள். வயலில் வேலை செய்தவர்கள், விரதக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரி. அவள் இலையில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது. நான் பரிமாறினேன். பரங்கிக்காய்க் கறியை வைத்ததும் இன்சூரன்ஸ்காரர் ஒரு பிஞ்சை இரண்டு விரலால் தூக்கினார். கோழிமுட்டை அளவு, நுனியில் பூகூட உதிரவில்லை.

"இத்தனை பிஞ்சில் யார் பறிப்பார்கள்?" என்றார் கிரியோலில். அவ்வளவு கிரியோல் எனக்கு அப்போது வந்துவிட்டிருந்தது.

"யாரா? நாங்களா பறிச்சோம்? அந்தச் சண்டாளி பறிச்சுப் போட்டுட்டுப் போனா! நீங்க வந்து சேதம் எங்கே சேதம் எங்கேன்னு கேட்டா? உங்க இலையிலதான்யா இருக்கு சேதம், நல்லாப் பாத்துச் சாப்பிடுங்க!" கரண்டியும் கையுமாகத் தமிழிலேயே பொழிந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி பதறிப்போய் மொழிபெயர்த்தாள். என் திட்டில் முக்கால்வாசியை முழுங்கிவிட்டாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு நின்றது. இலையை உற்றுப் பார்த்தார். விரல் அளவு கத்தரி. கோலிக்குண்டு அளவு பச்சைத் தக்காளி. பச்சைத் தக்காளிக் கறியைக் கிளறியவர் அதிலிருந்து எதையோ மெல்ல உருவினார்.

சிவப்புக் கம்பளி நூல்.

எனக்கு உயிர் போய்விட்டது. என் சமையலில் நூல்! சாமி சந்நிதியில், விருந்தாளி இலையில்! பூமி பிளந்தால் கரண்டியோடு உள்ளே போயிருப்பேன். ஆனால் கொட்டகையில் ஆளாளுக்குச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "அது அவ தக்காளி! அவ தக்காளிதான் ஸ்வெட்டர் போடும்!" ஃபாக்டரிப் பெண்ணொருத்தி நூலை வாங்கிப் பார்த்து, எந்த வருஷத்து ஸ்வெட்டர் என்றே சொல்லிவிட்டாள்.

இன்சூரன்ஸ்காரர் சிரிக்கவில்லை. "மற்றச் செடியெல்லாம் எங்கே?" என்று கேட்டார்.

கையைக் கழுவாமலே எழுந்தார். மடைப்பள்ளிக்குப் பின்னால் குழி வெட்டி மூட என்று குவித்திருந்தோம். அவள் வயலில் அள்ளியது முழுவதும் அங்கே மலையாகக் கிடந்தது. செடிக்குச் செடி சிவப்பு, நீலம், ரோஜா. வேரோடு பிடுங்கி எறிந்த தண்டு, ஒடிந்த குச்சி, எதை இழுத்தாலும் அவள் போட்ட முடிச்சு. அவர் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். எடுத்தார், பிரித்தார், பார்த்தார். டை கறியில் நனைந்திருந்தது.

திரும்பி அவளைப் பார்த்தார். "வயலை நான் பார்க்கவில்லை. ஆனால் வயலில் இருந்த ஒவ்வொரு செடியையும் பார்த்துவிட்டேன். மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டேன். இதை இப்படியே எழுதுகிறேன். முடிவு மேலே இருக்கிறவர்கள் கையில்."

போகும்போது என்னிடம், "அக்கா, பாயசம் இருக்கா?" என்றார். வந்தபோது பிரெஞ்சில் மாதாம் போட்டவர்.

மேலே இருக்கிறவர்கள் அவசரப்படவில்லை. காவடி வந்து போயிற்று. ஃபாக்டரி ஆள் ஒருவன் வந்து, திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். அவள் பழைய ஃபாக்டரிச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முருகனோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன். பூசைக்குப் பூ மட்டும் பறித்துக் கொடுத்தேன், அது வீட்டுக்காரருக்காக.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவரே வந்திருந்தார். காசோலையைத் தபாலில் அனுப்ப மனசு வரவில்லையாம். அவள் வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அதை என் கையில் திணித்தாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் கத்தினேன். கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நடுத்தெருவில் குதித்தோம். கோயிலில் மணி அடித்தது. பூசை நேரமே இல்லை. அடித்தது யார் என்று நான் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் வேன் வந்து அவள் வாசலில் ஹாரன் அடித்தது. அவள் வயலிலிருந்து முழங்கால் சேற்றோடு வந்தாள். ஜன்னலில் எட்டிப் பார்த்த பெண்பிள்ளைகளிடம், "போங்க போங்க, எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்றாள் கிரியோலில். கை காற்றை ஒரு வெட்டு வெட்டியது. வேன் முழுக்கச் சிரிப்பு. நான் எங்கள் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே தோட்டக்காரர்கள் வரிசையில் நின்று சேர்ந்தார்கள். முதலில் நின்றது கூரையைப் பற்றிக் கேட்ட கிழவர். இன்சூரன்ஸ்காரர் மேலே பேசி, எங்கள் ஊருக்காக நிபந்தனையை மாற்றி வாங்கி வந்திருந்தார். "நீங்க சும்மா இருக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. எல்லாத்தையும் சுத்தம் பண்ணுங்க. வயலுக்கு ஒரு வரிசை மட்டும் விழுந்தபடியே விடுங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

அடுத்து புயல் வந்தபோது ஊர் வழக்கம்போல இறங்கியது. தேநீர்த் தூக்கோடு நானும் போனேன். வயலுக்கு வயல் கொத்தி, நட்டு, கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒரே ஒரு வரிசை மட்டும் சாய்ந்து கிடந்தது. யாரும் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்று அதன் தலைமாட்டில் பக்கத்து வீட்டுக்காரி கம்பளி நூல் கட்டிவிட்டிருந்தாள்.

அந்த வரிசைகளைப் பார்த்தபடி வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். என் அப்பா தோப்பு முழுவதையும் தொடாமல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இங்கே ஒரு வரிசை போதுமாக இருந்தது. தூரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கிழவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னிடம், "அம்மா, இன்னொரு இலை போடச் சொல்லுங்க, ஆள் வந்தாச்சு" என்றார்.